யாகி ஆன்டெனாவுக்கு மதுரையில் இரும்பு தேடி

தேனியிலிருந்து ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று வந்து ஆரப்பாளையத்தில் இறங்கியபோது கடைகள் திறக்கிற நேரம். பையில் ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு சாண் ஜிஐ பைப் துண்டு, ஆன்டெனாவின் நடுத்தண்டான அலுமினிய பூமின் துண்டு ஒன்று. அமெரிக்காவில் செய்த பழைய யாகி ஒன்று (ரேடியோ அலையை ஒரே திசையில் குவிக்கிற ஆன்டெனா), 14 மெகாஹெர்ட்ஸுக்கு பூமில் குறுக்கே மூன்று எலிமென்ட் குழாய்கள், கைக்கு வந்திருக்கிறது. டவரில் அதைப் பிடித்து நிறுத்துகிற கிளாம்ப்தான் ஒன்றுகூட வரவில்லை.

டவர் உச்சியில் ஆன்டெனாவைத் தாங்கிச் சுழல்கிற குழாய்தான் மாஸ்ட். அங்கே இரண்டு இஞ்ச் மாஸ்ட் என்றால் வெளிவிட்டம் 50.8 மி.மீ. நம்மூர் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்புக்கு வெளிவிட்டம் 48.3. இரண்டு இஞ்ச் பைப் 60.3. அங்கத்திய அளவு கிளாம்பை நம்மூர் ஒன்றரை இஞ்ச் பைப்பில் போட்டால் இடைவெளி இரண்டரை மில்லிதானே, முறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். பிடிக்கும், ஆடிக் காற்று வரும்வரை. பத்து மீட்டர் எலிமென்ட்டைக் காற்று தள்ளினால் கிளாம்ப் மாஸ்டில் வழுக்கி, மாஸ்டைத் திருப்புகிற ரோட்டேட்டர் மோட்டார் வடக்கைக் காட்ட ஆன்டெனா கிழக்கே பார்க்கும்.

வடக்கு வெளி வீதியில் ஆன்டெனா கிளாம்ப் கேட்டேன். டிஷ் மாட்டுகிற தகரத்தை எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் ஆன்டெனா பேச்சையே எடுக்கவில்லை.

சிம்மக்கல் பக்கம் பம்புசெட் கடையில் பைப் துண்டை மேசையில் வைத்ததும் போர்வெல் கிளாம்ப் வந்தது. கனத்த பட்டையை இரண்டு பாதியாக வளைத்து, இரு பக்கமும் போல்ட். குழாய் கிணற்றுக்குள் நழுவாமல் தாங்குவதற்காகச் செய்தது. டவர் உச்சியில் பேரிங்குக்கு மேலே மாஸ்டைத் தாங்கவும் இதே வேலைதான். பூமுக்கு வேன் சைலன்சர் கிளாம்ப். சைலன்சர் குழாய்க்கு வெளிவிட்டக் கணக்கு என்பதால் 51 மி.மீ. கிளாம்ப் பூம் துண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதன் ஜிங்க் பூச்சு மெல்லிசு, மழையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஹாட் டிப், அதாவது உருக்கிய ஜிங்க்கில் முக்கியெடுக்கக் கொடுத்தே ஆகவேண்டும்.

மாஸ்ட் சுழல்வதற்கு யூசிஎஃப் பேரிங், நான்கு போல்ட்டில் மாட்டுகிற வகை. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளை: 210 என்றால் 50 மி.மீ., 211 என்றால் 55. பைப்புக்குக் கிட்டத்தில் இருப்பது 210தான். மிச்ச இடைவெளியை நிரப்ப, பைப்புக்கும் பேரிங்குக்கும் நடுவே புஷ் என்கிற உலோக வளையம் கடையவேண்டும். கே. புதூர் சிட்கோவில் லேத் பட்டறை அண்ணன் கேட்டதுமே தலையாட்டினார்.

"210ல போட்டா புஷ் ஒரு மில்லிகூட வராது தம்பி. கடையும்போதே பிஞ்சுரும். 211 வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தேன். பைப்பை மூன்று இடத்தில் அளந்துவிட்டு, "உருண்டையாவே இல்ல, முட்டையா இருக்கு" என்றார். உள்ளே கொஞ்சம் தாராளமாகக் கடைந்து, முடித்ததும் ஹேக்ஸா பிளேடால் புஷ்ஷை நீளவாக்கில் ஒரு கீறல் போட்டார். "அலன் ஸ்க்ரூவை இறுக்குனா இது சுருங்கிப் பிடிக்கும்." கையில் சுற்றிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. அந்தக் கீறல் எனக்குத் தோன்றியிருக்காது.

டீயும் வெங்காய வடையும் அங்கேயே. ஜிகர்தண்டாவுக்கு நேரமில்லை, பெரிய ஏக்கமும் இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். மேலே போர்வெல் கிளாம்ப்.

"போர் போடுறீங்களா தம்பி? எத்தனை அடி?"

"நாப்பது அடிண்ணே."

"நாப்பது அடியில தண்ணியா? எந்த ஊர்லய்யா?"