ரூமைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா மகளைச் சென்னைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறார், ஒரு வாரம் தங்க வேண்டியிருக்கும். "தம்பி, அப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப எங்க தங்குனீங்க, அந்த லாட்ஜ் பேரைச் சொல்லு" என்று நேற்று கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனது ஆறவில்லை. அந்த லாட்ஜில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார், எந்தப் பக்கம் தேடுவார்? அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் காட்டலாம் என்று முடிவானதும், கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு போனில் ரூம் தேடினேன். விலை குறைந்ததை மேலே வரவைத்து, படம் நன்றாக இருந்த ஒன்றுக்கு அப்படியே பணம் கட்டினேன். வடபழனிப் பக்கம், ஏசி ரூம், நாளுக்கு 750 ரூபாய். விடிகாலையில் போய் நின்றால் படத்தில் இருந்த ரூம் இல்லை, மூன்றாவது மாடியில் வேறொன்று இருக்கிறது என்றார்கள். லிஃப்ட் கிடையாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றுதானே அந்த மனிதரை வைத்தியத்துக்கே கூட்டி வந்திருக்கிறோம்! ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் ஏற்றிக் கூட்டிப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடச் சுவர். கீழே இறங்கினால் பெரிய ரோடு, காலை ஆறு மணிக்கு ஒரு டீக்குக்கூட அதைக் கடந்துதான் போக வேண்டும். மருத்துவமனைக்குப் போக வர ஆட்டோவுக்கு மட்டும் நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் போனது. 750 ரூபாய் ரூம் என்று நான் நினைத்தது உண்மையில் 1,250 ரூபாய் ரூம், அதுவும் சாப்பாட்டைச் சேர்க்காமல். இந்தக் கணக்கைக் கிளம்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தேன். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் ஐந்து வருடம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவன். அவன் கேட்ட முதல் கேள்வி, "ஆஸ்பத்திரி அண்ணா சாலைல இருக்கு, நீ ஏன்டா வடபழனில இருக்க?"

மேன்ஷன் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு மாடி, வரிசையாகச் சின்னச் சின்ன ரூம்கள், பெரும்பாலும் ஒவ்வொரு மாடிக்கும் பொதுக் குளியலறை, மாத வாடகை. தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடியும் படிக்கவும் பரீட்சை எழுதவும் சினிமா வாய்ப்புக்காகவும் வந்த ஆண்கள் பல தலைமுறையாகத் தங்கிய இடங்கள் அவை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கம்பெனிகள் வந்து, அங்கேயே பி.ஜி. ஹாஸ்டல்கள் பெருகிய பிறகு, இங்கே பல மேன்ஷன்கள் தினவாடகைக்கும் கொடுக்கின்றன. ஆனால் பெண்கள் கூட இருந்தால் எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். ஃபேமிலி ரூம் உள்ள லாட்ஜ் என்று கேட்டுத்தான் தேட வேண்டும். தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் கொடுக்கத் தயங்கும் லாட்ஜ்கள் இன்னமும் இருக்கின்றன, எனக்கு அதில் கோபம்தான். ஆனாலும் நடுராத்திரி பெட்டியோடு அலையக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், முன்கூட்டியே போனில் பேசி உறுதி செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மறுநாள் அப்பா அம்மாவை மருத்துவமனையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் நடந்தேன். வாலாஜா சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் திரும்பினால் எல்லாமே வேறு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பெரிய பள்ளிவாசல், ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795-இல் கட்டியது. இன்னும் உள்ளே போனால் பார்த்தசாரதி கோயில், பல்லவர் காலத்தது. இரண்டுக்கும் நடுவே மெஸ், மருந்துக் கடை, இஸ்திரிக் கடை, ஜெராக்ஸ், பழைய புத்தகம், பூக்காரம்மா. வெளியூர்க்காரனுக்கு அவசரத்துக்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன், ரூம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, தெரு இதுதான்.

அப்புறம் ரூம் பார்த்த கதை. ஆறு லாட்ஜ் ஏறி இறங்கினேன், இதில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ரூமைக் காட்டச் சொல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது, காட்டமாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம். உள்ளே போனதும் முதலில் குழாயைத் திறங்கள். கடற்கரைக்குப் பக்கத்துப் பகுதி என்பதால் போர்வெல் தண்ணீர் பல கட்டடங்களில் உப்பு. கையைக் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும், சோப்பு நுரைக்காது. குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ தண்ணீர் வருகிறதா, எத்தனை மணி வரை வருகிறது என்று கேட்கலாம். 2019 கோடையில் ஏரிகள் வற்றிச் சென்னையே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது ஞாபகம் இருக்கும், அந்த நிலைமை இப்போது இல்லை என்றாலும் மே, ஜூனில் போகிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் ரூம் எடுக்க வேண்டாம். அடுத்து மெத்தை. விரிப்பை விலக்கி மெத்தையின் மூலைத் தையலைப் பாருங்கள், கரும்புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. லாட்ஜ்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ராத்திரி அங்கே படுக்கப் போவது நாம்தான். கதவுக்குள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, வயதானவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, காலையில் வெந்நீர் கீசரிலா அல்லது பக்கெட்டில் கொண்டுவந்து கொடுப்பார்களா, இவ்வளவையும் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பணம் போகிற இடம் இன்னொன்று இருக்கிறது. சில லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு, காலை ஏழுக்கு எடுத்தால் மறுநாள் ஏழு வரை ஒரு நாள். சில இடத்தில் பகல் 12 மணிக் கணக்கு. நம் பக்கத்து ரயில்கள் எல்லாம் ராத்திரி முழுக்க ஓடி விடிந்ததும்தான் சென்னைக்குள் நுழையும். காலை ஏழுக்கு ரூம் எடுத்து, 12 மணிக்கே ஒரு நாள் முடிந்துவிட்டது என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்திருப்போம். இதை முதலிலேயே கேளுங்கள். வரி சேர்த்த வாடகையா என்றும் கேளுங்கள். நாள் வாடகை ஆயிரத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது என்று நம்மில் பலருக்குப் பழைய ஞாபகம், அந்த விலக்கு 2022 ஜூலையில் போய்விட்டது. முதலில் 12 சதவீதம் போட்டார்கள், 2025 செப்டம்பரில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். பதிவு செய்ய வேண்டாத அளவுக்குச் சின்ன லாட்ஜ் என்றால் வரியே வராது. அப்புறம், தங்குகிற எல்லாருக்கும் ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை அசலாக வேண்டும், வீட்டில் வைத்துவிட்டு வந்து போனில் படம் காட்டினால் பல இடத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஐந்தாவதாகப் பார்த்த லாட்ஜில் ஒரு பெரியவர் மேனேஜராக இருந்தார். நாளுக்கு 900 என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் இருப்போம் என்றதும் 800-க்கு வந்தார். இப்படி நேரில் போய் வாரக் கணக்கில் பேசினால் குறைப்பார்கள், ஆப்பில் அதற்கு வழியில்லை. நான் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் சாவியை எடுக்கப் போன கையை நிறுத்திவிட்டார். "ஹார்ட்டா? அப்ப மேல வேண்டாம் தம்பி. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல ஒண்ணு நாளைக்குக் காலியாகுது. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இந்த ஆபீஸ் ரூம்ல அப்பாவப் படுக்க வைங்க, நீங்களும் அம்மாவும் மேல படுங்க." நான் கேட்காமலே சொன்னார்.

பதினோரு நாள் இருந்தோம். ஏசி கிடையாது, மாலையில் கடற்காற்று வரும் என்று மேனேஜர் சொன்னது முழுக்கச் சரியில்லை, ஜன்னல் கிழக்குப் பார்த்து இருந்தால்தான் வரும். எங்களுக்கு மேற்கு. கொசு உண்டு, கொசுவர்த்தி இல்லாமல் தூங்க முடியாது. ஆனால் விடியும்போது பள்ளிவாசல் பாங்கு சத்தமும் பால்காரர் வண்டிச் சத்தமும் கேட்டு எழுந்து, ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் டீ கிடைத்தது. ஏழு மணிக்கு ரத்னா கஃபே. இட்லியைத் தட்டில் வைத்துச் சாம்பாரைச் செம்பு நிறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், 1948-இலிருந்து நடக்கிற கடை. மதியம் அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ், டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிட வேண்டும், வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும். எனக்கு மீன் ஆசை வந்த அன்றைக்குச் சேப்பாக்கம் நாயர் மெஸ். அப்பாவுக்கு உப்பு குறைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், பக்கத்துத் தெருவில் இட்லி அவித்து விற்கும் பெண்மணி ஒருவரிடம் அம்மா பேசி, இரவுக்கு உப்பில்லாமல் தனியாகக் கஞ்சி வைத்துத் தரச் சொல்லிவிட்டார். நாளுக்கு முப்பது ரூபாய். வடபழனியில் யாரிடம் போய் இதைக் கேட்டிருப்போம்?

இதைப் படித்துவிட்டு எல்லோரும் திருவல்லிக்கேணிக்கே போக வேண்டாம். கிரீம்ஸ் ரோடு பக்கம் அப்போலோவில் வைத்தியம் என்றால் ஆயிரம் விளக்கு, மாடல் ஸ்கூல் ரோடு சந்துகளைப் பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிற நோயாளிகளுக்காகவே அங்கே லாட்ஜ்கள் உண்டு, போர்டுகூட வங்காளியில் எழுதியிருக்கும், ரூமிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. மாதக் கணக்கில் தங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்றால் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கென்னட் லேன். எங்கே போனாலும், நமக்கு முன்னால் அங்கே யார் வந்து தங்கினார்களோ அவர்களுக்குத் தேவையானதுதான் அந்தத் தெருவில் கடையாக இருக்கும், அவர்கள் தேவையும் நம் தேவையும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும்.

திருவல்லிக்கேணிக்குப் போய்ச்சேரும் வழியும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே மாறி அரசினர் தோட்டம் ஸ்டேஷன், அது சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தம்தான். விமான நிலையத்திலிருந்து வந்தால் மாறவே வேண்டாம். அரசு பஸ்ஸில் வருகிறவர்கள்தான் இப்போது சிரமப்படுகிறார்கள், கிளாம்பாக்கத்தில் இறங்கி அங்கிருந்து இன்னொரு 30 கிலோமீட்டர் வர வேண்டும். நோயாளியோடு வந்தால் ரயிலில் டிக்கெட் போடப் பாருங்கள். தேதியையும் கவனியுங்கள். வைகுண்ட ஏகாதசி, சேப்பாக்கத்தில் கிரிக்கெட், அரசுத் தேர்வு நாட்கள், இந்தச் சமயங்களில் திருவல்லிக்கேணியில் ரூம் கிடைப்பது கஷ்டம்.

ஒன்பதாவது நாள் டாக்டர் அப்பாவை மெதுவாக நடக்கச் சொன்னார். எங்கே போகலாம் என்று அப்பாவிடம் கேட்டேன், கடற்கரை என்பார் என்று நினைத்தேன். "பாரதி வீடு இங்கதான இருக்கு" என்றார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்குச் சைக்கிளிலேயே போய் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்தவர் அவர். இந்த வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், எங்கள் லாட்ஜிலிருந்து நான்காவது திருப்பம். 1921-இல் பாரதியைப் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிவிட்டது, அதே வருடம் செப்டம்பரில் பாரதி இறந்தது, எல்லாவற்றையும் வழி நெடுக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார், மூச்சு வாங்கியதாலா, சொல்வதற்காக நின்றாரா என்று தெரியவில்லை. உள்ளே போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

கிளம்பிய நாள் காலையிலேயே ரூமைக் காலி செய்துவிட்டோம், ரயில் ராத்திரிதான். பெட்டிகளை மேனேஜர் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அப்பாவை ஆபீஸ் ரூமில் மறுபடியும் படுக்க வைத்தார். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கடலை மிட்டாயில் பிரிக்காத பாக்கெட் ஒன்று மிச்சம் இருந்தது, அம்மா அதை அவரிடம் கொடுத்தார். அக்காவுக்கு அவருடைய நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.