கை சுற்றிய பாட்டு

2024 யூலை 14

மூக்குக்கண்ணாடிக்குப் புதிய வில்லை போடுவதற்காக இன்று கிளிநொச்சிக்குப் போனேன். கடைப் பையன் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட, வீதியும் பேருந்துகளும் எதிர்க் கடையின் பழக்குலைகளும் நிறத் திட்டுகளாகக் கலைந்து தெரிய, வாசலோரத்து வாங்கில் அமர்ந்திருந்தேன். அப்போது பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கிற்றாரின் ஒலி வந்தது. குரல் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. டொன் மக்லீன் பாடிய ‘வின்சென்ற்’ என்ற பாட்டு அது. ஓவியர் வின்சென்ற் வான்கோவைப் பற்றியது. கடைசியாக நான் அதைக் கேட்டு இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன.

என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் பாட்டுப் பாதியைத் தாண்டுவதற்குள் மனத்தில் ஒரு முரண் உறுத்தத் தொடங்கியது. பாடுபவர் மிக நேராகப் பாடினார். குரல் எந்த இடத்திலும் தொய்யவில்லை, இழுபடவில்லை, மூச்சுப் பிடித்து மீண்டும் எழவில்லை. சொற்கள் எல்லாம் அவைதாம், மெட்டும் அதுதான். எனினும் நான் இத்தனை வருடங்களாக நெஞ்சில் வைத்திருந்த பாட்டு இதுவல்ல.

மல்லாவிக்குத் திரும்பும் பேருந்தில் வழி முழுவதும் அதற்கான காரணத்தை நான் அறிந்தே இருந்தேன். அதை எழுதுவதற்கு இன்றைக்கு மனம் இடம் தரவில்லை.

2024 யூலை 15

பாட்டைப் பற்றிய விவரங்களை மட்டும் இன்று குறித்து வைக்கிறேன். மக்லீன் அதை 1970இல், வான்கோவின் வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்த நாள்களில் எழுதினார். 1971இல் வெளிவந்த அவருடைய ‘அமெரிக்கன் பை’ இசைத்தட்டில் அது இடம்பெற்றது. 1972இல் பிரித்தானியாவில் முதலிடத்தைப் பிடித்தது. ஏறத்தாழ நான்கு நிமிடப் பாட்டு. அந்த நான்கு நிமிடங்களுக்கு எங்கள் வீட்டில் எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டது என்பதை எழுதத்தான் எனக்கு இந்த நாட்குறிப்பு வேண்டியிருக்கிறது.

2024 யூலை 18

1996இல் கிளிநொச்சியை இராணுவம் கைப்பற்றியபோது இடம்பெயர்ந்த சனம் மல்லாவி, துணுக்காய், அக்கராயன் எனப் பரவியது. யாழ்ப்பாணத்திலிருந்து 1995 ஒக்ரோபர் 30 அன்று வெளிக்கிட்டு, கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்தும் எழும்பிய ஓர் ஆங்கில ஆசிரியருக்கு அப்பா எங்கள் வளவில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார். சேரிடம் ஒரு துணிப்பையும் ஒரு கசற்றும் இருந்தன. எங்களிடம் கசற் போடக்கூடிய ஒரு பழைய நாசனல் றேடியோ இருந்தது. அதற்குப் போடப் பற்றரி இல்லை; பற்றரிகளை வன்னிக்குள் கொண்டுவருவதற்குத் தடை. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் விற்ற விலையில் ஜாம் போத்தல் விளக்கைக்கூட அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுமே ஏற்றுவார்.

ஆகவே அண்ணா சைக்கிளைக் கவிழ்த்தார். ஆசனமும் கைபிடியும் நிலத்தில் ஊன்றியிருக்க, பெடலைக் கையால் சுற்றினால் பின் சில்லு சுழலும். சில்லின் ரயர் டைனமோவின் தலையை உருட்டும். டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் என்பதால், பழுதான ஒரு றேடியோவிலிருந்து கழற்றிய நான்கு டயோட்டுகளை அண்ணா நடுவில் இணைத்திருந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. பட்டறிவைத் தவிர அவருக்கு அந்த வேலையைக் கற்பித்தவர் எவரும் இல்லை.

கை ஒரே சீராகச் சுற்றும்வரை பாட்டும் சீராக வரும். இரண்டாம் பகுதி முடியும் வேளையில் தோள் வலிக்கத் தொடங்கும். சில்லின் வேகம் குறையும். கசற்றின் நாடா மெதுவாக ஓடும். குரல் தடித்து, இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கீழே இறங்கும். “பாட்டு முடியுமட்டும் விடாதை தம்பி” என்று சேர் கொட்டில் வாசலிலிருந்து சொல்வார். அண்ணா மற்றக் கையை மாற்றிக்கொள்வார். கை மாறும் அந்தக் கணத்தில் பாட்டு ஏறத்தாழ நின்றுவிடும். பிறகு ஒரு பெருமூச்சோடு எழுந்து, சரியான வேகத்தையும் சற்றுத் தாண்டிப் போய், மீண்டும் தன் இடத்துக்கு வந்து அமரும்.

நான் அடித்துப் பிடித்து என் முறையைக் கேட்டு வாங்கிச் சுற்றிய நாள்களும் உண்டு. என் கைக்கு ஒரு பகுதிக்கு மேல் தாங்காது. நான் சுற்றும்போது பாட்டு அலையில் ஏறிய வள்ளம்போல் ஆடும் என்று அப்பா சொல்லுவார். அண்ணா சுற்றும்போது அப்படியன்று. அவர் சுற்றிய பாட்டில் எந்தச் சொல்லில் குரல் தாழும், எந்தச் சொல்லில் நிமிரும் என்பது எனக்கு மனப்பாடம்.

2024 யூலை 21

இன்று முழு நிலவு. நட்சத்திரங்கள் அதிகம் தெரியவில்லை. குளக்கட்டுவரை நடந்துபோய்த் திரும்பினேன்.

சேர் அந்தப் பாட்டை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார். பழைய கொப்பித் தாளின் பின்புறத்தில் ஆங்கில வரிகளை எழுதி, கீழே தமிழை எழுதச் சொல்வார். விளைந்த கோதுமை வயலைப் பற்றி ஓர் இடம் வரும். நான் கோதுமை மாவைக் கண்டிருந்தேனே தவிர வயலைக் கண்டதில்லை. வவுனிக்குளத்தின் கீழ் அறுவடைக்கு நிற்கும் சிறுபோக நெல்லையே அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். பாட்டில் வரும் நிறங்களில் ஒன்று சீனப் பீங்கானின் நீலம். அதை விளக்குவதற்காகச் சேர் எங்கள் அம்மாவின் பீங்கான் கோப்பை ஒன்றை வெளியே எடுத்துவந்து வெயிலில் பிடித்துக் காட்டினார். அந்தக் கோப்பையின் விளிம்பில் ஒரு வெடிப்பு இருந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

பாட்டுக்கு மூலமான ‘தாரகை இரவு’ ஓவியம் எங்களிடம் படமாகக்கூட இல்லை. சேரின் புத்தகங்கள் யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டன. ஒருநாள் முன்னிரவில் அவர் ஒரு தடியை எடுத்து முற்றத்து மணலில் சுழி சுழியாகக் கீறி, “இந்த வானம் தண்ணி மாதிரி ஓடும் பிள்ளை” என்றார். ஒரு பக்கத்தில் நெடிய கரிய மரம், கீழே சிறிய ஊர், கோவிலின் கூர்ந்த கோபுரம். சைப்பிரஸ் மரத்தை அறியாத நான் அதைப் பனையென்று எடுத்துக்கொண்டேன். பிறகு நாங்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தோம். சுற்றுவட்டத்தில் எங்கும் ஒரு மின்குமிழ் எரியாத அந்தக் காலத்தில் எங்கள் முற்றத்துக்கு மேலே நின்ற வானத்தை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பால்வீதி ஒரு பக்கத்துப் பனங்கூடலிலிருந்து மறுபக்கத்துப் பனங்கூடல்வரை கிடந்தது. அந்த இருட்டு எங்கள்மேல் திணிக்கப்பட்டது. அதற்காக நான் எவருக்கும் நன்றி சொல்லமாட்டேன். ஆனால் அந்த வானம் எங்களுடையதாக இருந்தது.

2024 யூலை 24

எட்டாம் வகுப்புச் சித்திரப் பாடத்தில் இன்று அந்த ஓவியத்தின் படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் முதலில் கேட்டது காதை அறுத்த கதையைத்தான். அது 1888 டிசம்பரில், ஆர்ல் என்னும் ஊரில் நடந்தது என்று சொல்லிவிட்டு, அதிலேயே நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பைத்தியம் பிடித்ததால் அவர் இப்படி வரைந்தார் என்ற பேச்சை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. 1889 மே மாதம் அவர் தானாகவே சென் றெமியில் உள்ள மனநல விடுதியில் சேர்ந்தார். நோய் கடுமையாகும் நாள்களில் அவரால் தூரிகையைத் தொட முடியவில்லை. தெளிந்த நாள்களிலேயே அவர் வேலை செய்தார். ஏறத்தாழ பத்து வருடங்கள் மட்டுமே நீண்ட ஓவிய வாழ்வில் எண்ணூறுக்கும் மேற்பட்ட எண்ணெய் வர்ண ஓவியங்களை வரைந்தவரின் ஒழுக்கத்தைத்தான் பிள்ளைகள் கற்கவேண்டும்.

‘தாரகை இரவு’ அந்த யூன் மாதத்தில் வரையப்பட்டது. இரும்புக் கம்பி போட்ட படுக்கையறை யன்னலால், சூரியன் உதிப்பதற்கு வெகு நேரத்துக்கு முன்பு, மிகப் பெரிதாகத் தெரிந்த விடிவெள்ளியைக் கண்டதாக அவர் தம்பி தியோவுக்கு எழுதினார். ஆனால் படத்தை அந்த அறையில் வைத்து அவர் வரையவில்லை. கீழ்த்தளத்தில் வேலைக்கென்று தந்த அறையில், பகல் வெளிச்சத்தில், கண்டதை நினைவிலிருந்து எடுத்து வரைந்தார். படத்திலுள்ள ஊரும் அந்த யன்னலால் தெரிந்ததன்று. பின்பு நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், நட்சத்திரங்களை மீண்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிட்டதாகவும் அது தமக்கு ஒரு தோல்வி என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த நட்சத்திரங்களின் பருமனைப் பற்றி எனக்கும் ஒரு கதை உண்டு. அதை வகுப்பில் சொல்லவில்லை. பாதை திறந்தபின், 2003இல் யாழ்ப்பாணத்து நாட்காட்டி ஒன்றில் அந்த ஓவியத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவை எனக்கு நட்சத்திரங்களாகத் தோன்றவில்லை. இரவில் கிளிநொச்சிப் பக்கத்து வானத்தில், சுற்றிலும் புகை ஒளிர, ஆடி ஆடி மெதுவாக இறங்கும் பரா வெளிச்சங்களாக, அதாவது இராணுவம் பரசூட்டில் கட்டி இறக்கும் வெளிச்சக் குண்டுகளாகத்தான் தோன்றின. கடையில் நின்றபடியே அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது விழாது” என்று மட்டும் சொன்னார்.

2024 யூலை 29

வின்சென்ற் இறந்த நாள். 1890ஆம் ஆண்டு, ஓவேர் என்னும் சிற்றூரில், முப்பத்தேழாவது வயதில். தியோ பாரிசிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தார்.

பாட்டின்மேல் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். வின்சென்ற் சொன்னதை உலகம் கேட்கவில்லை என்று அது பாடுகிறது, அது மெய்தான். ஆனால் ஒருவர் கேட்டார். நான்கு வயது இளைய அந்தத் தம்பி மாதந்தோறும் பணம் அனுப்பினார், வர்ணமும் கன்வசும் அனுப்பினார், வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்தார். தியோவுக்கு எழுதப்பட்டவற்றில் 650க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அண்ணன் இறந்து ஆறு மாதங்களில், 1891 சனவரியில், தியோவும் இறந்தார். ஓவியங்களையும் கடிதங்களையும் உலகத்தின் முன் கொண்டுவந்தவர் தியோவின் மனைவி யோகன்னா. கணவரின் உடலை 1914இல் ஓவேருக்குக் கொண்டுவந்து வின்சென்றின் பக்கத்தில் அடக்கம் செய்வித்தவரும் அவரே. அந்த இரு கல்லறைகளையும் ஒரே கொடி மூடிக் கிடக்கிறது.

சேர் 2002இல் கசற்றோடு யாழ்ப்பாணம் திரும்பி, சில வருடங்களில் நோயால் காலமானார். அண்ணா 2009 ஏப்ரலில் மாத்தளன் பக்கத்தில் எங்களிடமிருந்து பிரிந்தார். அதன் பின்பு அவரைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. பாட்டைத் தேடிக் கேட்கும் வசதி கைக்கு வந்த பின்பும் நான் தேடாமல் இருந்ததற்கு வேறு காரணம் இல்லை.

2024 ஓகஸ்ட் 2

கண்ணாடிக் கடையில் கேட்டதை மகனிடம் சொன்னேன். பதினைந்து வயதுப் பிள்ளை, சிரிக்காமல் கேட்டான். தொலைபேசியில் பாட்டைப் போட்டு, வேகத்தை முக்காலாகக் குறைத்துக் காட்டினான். சொற்கள் மெதுவாயின, ஆனால் குரல் அதே உயரத்தில் நின்றது. தொலைபேசி வேகத்தைக் குறைத்தாலும் சுருதியைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று விளக்கினான். நாடாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வேகம் விழுந்தால் குரலும் கூட விழும். எனக்கு வேண்டியது அந்த வீழ்ச்சிதான் என்றேன்.

பிறகு அவன் ஒலியை வெட்டி ஒட்டும் ஒரு செயலியைத் திறந்தான். அதில் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். இரவு பத்தரை மணிவரை இருவரும் இருந்தோம். “இந்தச் சொல்லிலிருந்து இறக்கு, இங்கே இன்னும் கொஞ்சம், இந்த இடத்தில் கை மாறும், நிற்கப்போவதுபோல் செய், இப்போது உயர்த்து, சரியான அளவையும் தாண்டி உயர்த்து” என்று நான் சொல்லச் சொல்ல, அவன் திரையிலுள்ள கோட்டை விரலால் வளைத்துக்கொண்டே போனான். ஓரிடத்திலும் எனக்குத் தடுமாற்றம் வரவில்லை.

2024 ஓகஸ்ட் 4

ஆடி அமாவாசை. அப்பாவுக்காக விரதம் இருந்து, படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அண்ணாவின் பெயரைச் சொல்வதற்கு அம்மா இன்றுவரை சம்மதித்ததில்லை. இந்த வருடமும் நாங்கள் கேட்கவில்லை.

இரவு மின்சாரம் போய்விட்டது. விறாந்தையில் அமர்ந்தோம். வெள்ளி அந்தியோடு மேற்கே இறங்கிவிட்டது. தெற்கே தேளின் வால் வளைவு தெளிவாகத் தெரிந்தது. மகன் என்னைக் கேட்காமலே தொலைபேசியை எடுத்து, நாங்கள் செய்து வைத்த பாட்டைப் போட்டான். முதற்பகுதி போயிற்று. இரண்டாம் பகுதியின் முடிவில் குரல் தளர்ந்தது, தாழ்ந்தது, நிற்கப்போய், எழுந்தது.

குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்து, இருட்டுக்குள் எங்கள் பக்கம் பார்த்தார்.

“இப்ப ஆர் சுத்துறது?” என்று கேட்டார்.