பசராவுக்குப் போனவர்

நவம்பர் 9

சாவடிச் சுவரில் சுண்ணாம்பு மூடிக் கிடந்த சின்னக் கல்லை இன்று சுரண்டிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் சில வரிகள்தான்: 1914-1919 பெரும்போருக்கு (முதல் உலகப் போர்) இந்த ஊரிலிருந்து 17 பேர் போனார்கள், அதில் 3 பேர் உயிர் விட்டார்கள். ஒரு பெயர்கூட இல்லை. தமிழ்நாட்டில் இன்னும் பல ஊர்களில் இதே வாசகத்தோடு கல் இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் மாறும்.

அந்த மூன்று பேரில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி.

நவம்பர் 10

அத்தையிடம் கேட்டேன். "பசரா சண்டைக்குப் போனவங்க, கல்யாணம்கூட ஆகலைப்பா" என்றார். குண்டு பட்டா, காய்ச்சலிலா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பசரா என்று அத்தை சொல்வது பஸ்ரா, இன்றைய ஈராக்கில், அன்றைய மெசபடோமியாவில் இருக்கும் ஊர். அந்த மெசபடோமியாவில் வெயிலும் காலராவும் சண்டைக்குச் சமமாக ஆள் தின்றன. அவர் பெயரில் வந்த சர்க்கார் பணத்தில் அவருடைய அம்மா வாங்கிய புஞ்சையைத்தான் இன்றும் பட்டாளத்தான் காடு என்கிறோம், சின்ன வயதில் நான் கடலை பறித்த காடு அது, யார் அந்தப் பட்டாளத்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவர் பெயரைத்தான் அப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 11

போர் நின்ற நாள். பஸ்ரா நினைவுச் சின்னத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், மனசு ஆறவில்லை. கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான இடம் அது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிகளுக்கும் வெட்டினார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களை மட்டும் படைப்பிரிவின் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதிவிட்டார்கள். கப்பலேறிப் போய்ச் செத்தவனுக்குக் கல்லில் நாலு எழுத்து கொடுக்க என்ன தடை? 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சரி, கேட்டார்கள். அதற்குள் அவரைப் பெற்றவள் போய், கூடப் பிறந்தவர்களும் போய்விட்டார்கள்.

நவம்பர் 14

பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசினேன். பழைய கல்லைத் தொடாமல் பக்கத்தில் தமிழில் ஒரு கல் வைக்கலாம், ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்கிறார். ஆனால் ஒருவர் பெயரை மட்டும் எப்படி வெட்டுவது? மற்ற இரண்டு பேரும் வேண்டும், திரும்பி வந்த 14 பேரும் வேண்டும். கீழத்தெருவில் ஒரு வீட்டில் பழைய பட்டாளப் பதக்கம் இருக்கிறதாம். பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.