அம்புக்குப் பதிவெண் கிடையாது

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன், அக்கா?" என்று, மேலிடம் சொன்னதைச் செய்த பிசியோவைக் குறை சொல்வானேன் என்ற பொருளில், எங்கள் பிரிவின் தம்பி ஒருவர் வகுப்பில் கேட்டதற்கு நான் சட்டென்று சொன்ன பதில், "அம்புக்குப் பதிவெண் கிடையாது தம்பி, நமக்கு உண்டு" என்பது. தொழில் மன்றத்தின் பதிவேட்டில் பிசியோக்களுக்கு இருக்கும் எண்ணைத்தான் சொன்னேன். சொன்ன வேகத்தில் அது வலுவாகத்தான் ஒலித்தது. அதன்பின் யாரும் பேசவில்லை என்பதால் வாதத்தில் வென்றதாகவும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிசியோதெரபி பிரிவின் தொழில்நெறி வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டிருந்தது இங்கிலாந்து ரக்பியின் போலி இரத்த விவகாரம். 2009 ஏப்ரல் 12 அன்று, லண்டன் ஸ்டூப் மைதானத்தில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஹைனெகன் கோப்பையின் காலிறுதி. அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அணியிடம் லண்டன் கிளப்பான ஹார்லெக்வின்ஸ் 5-6 என்று பின்தங்கியிருக்க, கோல் உதைப்பதில் தேர்ந்த நிக் எவன்ஸோ ஏற்கெனவே வெளியேறியிருந்தார். இரத்தம் வழியும் வீரருக்குப் பதிலாக மட்டுமே அவர் மீண்டும் இறங்க முடியும் என்பது விதி. பிசியோ ஸ்டெஃப் பிரென்னன் களத்துக்குள் சென்று, வேடிக்கைப் பொருள் கடையில் வாங்கிய செயற்கை இரத்தக் குப்பியை ஹார்லெக்வின்ஸ் வீரர் டாம் வில்லியம்ஸிடம் கொடுத்தார். வில்லியம்ஸ் அதைக் காலுறைக்குள் செருகி வைத்து, எடுக்கும்போது கீழே தவறவிட்டு, மறுபடி எடுத்துக் கடித்தார். வெளியேறும்போது கண்ணடித்தது தொலைக்காட்சியில் பதிவானது. உள்ளே வந்த எவன்ஸ் உதைத்த பந்து கோலுக்குள் போகவில்லை என்பது வேறு கதை. சந்தேகம் எழுந்ததும், உடைமாற்றும் அறையில் வில்லியம்ஸ் கெஞ்சிக் கேட்டதன்பேரில் அணி மருத்துவர் வெண்டி சாப்மன் அவருடைய உதட்டை உண்மையாகவே கீறினார்.

முதல் விசாரணையில் வில்லியம்ஸுக்கு மட்டும் ஓராண்டுத் தடை, கிளப்புக்கு அபராதம். பிரென்னன், சாப்மன், அணிப் பயிற்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரக்பி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸ் மூவரும் தப்பினார்கள். மேல்முறையீட்டில் அவர் உண்மையைச் சொன்ன பிறகுதான், இந்த ஏமாற்றை இயக்கிய ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டும் பிரென்னனுக்கு இரண்டாண்டும் தடை வந்தது. வில்லியம்ஸின் தடை நான்கு மாதமாகக் குறைந்தது. இதற்கு முன்பும் நான்கு முறை இப்படிப் போலிக் காயம் காட்டப்பட்டிருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. அபராதம் ஏறியது, தலைவர் பதவி விலகினார், கிளப்போ அடுத்த பருவத்திலும் அதே கோப்பையில் ஆடியது.

தம்பியின் பழமொழிக்குப் பின்னால் இருந்தது ரக்பி அல்ல. மதுரையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாதவர். வேலை தருபவரின் கையில்தான் அவருடைய விசா இருக்கிறது. "வேலை போனா அறுபது நாள்ல மூட்டை கட்டணும், அக்கா. மேலதிகாரி முகத்துக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் முன்னதாகவே கேட்டிருந்தார். நான் அதைக் கவனிக்காதவள் அல்ல. நானும் அதே விசாவில் வந்தவள்தான். ஆனாலும் சிகிச்சைக்காக நீளும் கையை ஏமாற்றுவதற்கு நீட்டக்கூடாது என்பதை இரக்கத்தின்பேரில் தளர்த்தினால், வகுப்பு எதற்கு என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் என் பதிலை அதே வழக்கில் வைத்துப் பார்க்கும்போதுதான் இடறுகிறது. 2010-இல் தொழில் மன்றம் பிரென்னனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 2011-இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. சாப்மன் மருத்துவ மன்றத்தின் முன் நின்று, 2010-இல்தான் பணிக்குத் திரும்ப அனுமதி பெற்றார். ரிச்சர்ட்ஸ் தடை முடிந்ததும், 2012-இல், நியூகாசில் அணியின் ரக்பி இயக்குநரானார். தடையை முழுமையாக அனுபவித்தவர் திரும்ப வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இயக்குநர்களுக்கும் கிளப் தலைவர்களுக்கும் பதிவேடு என்று ஒன்று இல்லாததால், பதிவெண் வைத்திருந்த இருவர் மட்டுமே விளையாட்டுக்கு வெளியேயும் ஒருமுறை விசாரிக்கப்பட்டார்கள். நான் பெருமையாகச் சொன்ன அந்தப் பதிவெண், பொறுப்பு யாருடையது என்பதைவிட, யாரைப் பிடிப்பது எளிது என்பதைத்தான் காட்டுகிறதோ என்னவோ.

அதற்காக அம்பை விட்டுவிடலாம் என்று என்னால் சொல்லவும் முடியவில்லை. காலுறைக்குள் போன குப்பி பிரென்னனின் கையிலிருந்து போனது. அந்த ஒரு நொடியில் அவர் மறுத்திருந்தால், குறைந்தது அன்றைக்கு, அந்த ஏமாற்று வேலை நடந்திருக்காது. மறுப்பவரை மறுநாள் காப்பாற்ற யாரும் இருந்தார்களா என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அடுத்த வகுப்புக்காகத் தாளைத் திருத்தினேன். முன்பு கடைசியில் இருந்த ரிச்சர்ட்ஸும் நிர்வாகமும் இப்போது முதலில் வருகிறார்கள். பயிற்சியாளர்களுக்கும் பதிவேடு வேண்டுமா என்று புதிதாக ஒரு கேள்வி சேர்த்தேன். "பிசியோ என்ன செய்திருக்க வேண்டும்?" என்ற பழைய கேள்விக்கு மட்டும் முன்புபோலவே பாதி மதிப்பெண்ணை ஒதுக்கியிருக்கிறேன், தம்பி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகல் எடுக்கப் போனார்.