முகாம் வீடுகள்: வரைபடக் குறிப்புகள்

2022 அக்டோபர் 8, சனி

இன்று முழுக்க இலங்கைத் தமிழர் அகதி முகாமில் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்தோம். இடிப்பதற்கு முன் பழைய வீடுகள் ஒவ்வொன்றையும் வரைந்து வைத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 1990-இல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த பத்துக்குப் பத்து அடி அறை நடுவில் அப்படியே இருக்கிறது. ஆனால் உண்மையான வீடு அதைச் சுற்றி அவர்களே முப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டதுதான்: முன்னால் ஓலைச் சார்ப்பு, பின்னால் விறகடுப்பு, தகரம் அடித்த குளியல் மறைப்பு, ஒரு முருங்கை மரம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்த 7,469 வீடுகளில் இந்த முகாமின் வீடுகளும் வருகின்றன. வீட்டுக்குச் சுமார் 300 சதுர அடி. காகிதத்தில் மூன்று மடங்கு பெரிது. சார்ப்பையும் அடுப்படியையும் சேர்த்து அளந்தால் பல வீடுகள் இப்போதே 300-ஐத் தாண்டுகின்றன, ஆனால் அந்த இடம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

பெண்களோடு உட்கார்ந்து பேசினோம். மற்ற நாட்களில் ஆண்கள் பெயின்ட் வேலைக்குப் போய்விடுவார்கள், பெண்களில் பாதிப்பேருக்கும் கூலி வேலை, அதனால் ஞாயிறுதான் சரி. புது வீட்டின் வரைபடத்தைக் காட்டியதும் முதல் கேள்வியே அடுப்பைப் பற்றித்தான். "குசினி உள்ளுக்க வேண்டாம் பிள்ளை, புகை முழுக்கப் படுக்கிற அறைக்கு வரும்" என்றார் மன்னார் அக்கா ஒருவர். குசினி என்றால் அடுப்படி. கேஸ் இருக்கிறதே என்று கூட வந்த பொறியாளர் சொன்னார். கேஸ் இருக்கிறது, சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதனால் சோறும் வெந்நீரும் விறகில்தான்.

அப்புறம் கழிப்பறைக் கதவு. வாசலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம், வயசுக்கு வந்த பிள்ளைகள் தெருவே பார்க்கப் போய்வர வேண்டுமா என்று கேட்டார்கள். நியாயம்தானே?

எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். இங்கே மன்னார்க்காரர்கள் இருக்கிறார்கள், திருகோணமலைக்காரர்கள் இருக்கிறார்கள், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய் அங்கிருந்தும் கிளம்பி வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களில் ஒரு பாட்டி வரைபடத்தில் நான்கு வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது லயம்ல. லயத்துலதான் பொறந்தேன், அங்கயே திரும்பவும் போகச் சொல்றீங்களா?" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பு. அதன் ஓர் அறையும் ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டுதான். சுவரைப் பகிர்ந்தால் செலவு குறையும் என்பது எங்கள் கணக்கு. அந்தச் சுவருக்குப் பின்னால் நூற்றாண்டுக்கும் மேலான ஒரு வாழ்க்கை அவருக்கு இருக்கிறது, அதை எந்த மதிப்பீட்டுத் தாளிலும் எழுத முடியாது.

அக்டோபர் 21, வெள்ளி

மழை. நாள் முழுக்க வரைபடத்தோடுதான். 300 சதுர அடியை என்னால் கூட்ட முடியாது. எந்தக் கதவு எங்கே திறக்கும், அடுப்பு எங்கே நிற்கும், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள மண் யாருக்கு, இவற்றை மாற்ற முடியும். என்னைக் கேட்டால் உள்ளே டைல்ஸ் போடும் பணத்தைப் பின்பக்கச் சார்ப்புக்குப் போடலாம். நால்வீட்டுத் தொகுப்பைப் பிரித்து இரண்டிரண்டாக்கி, ஒன்றைச் சற்று முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளினேன், எதிரெதிர் வாசல்கள் முகம் பார்க்கவில்லை. கழிப்பறை பின்பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஆறடி மண்.

நிலம் அரசுடையது, பட்டா கிடையாது, அந்த ஆறடியை வேலி போட்டு வளைத்துவிடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் வந்திருக்கிறது. வளைக்கட்டும். முப்பது வருஷமாக அப்படித்தான் வீடு செய்திருக்கிறார்கள், அது குற்றமில்லை, அவர்கள் செய்த வடிவமைப்பு அது.

நவம்பர் 5, சனி

மாற்றிய வரைபடத்துக்குப் பதில் வந்தது. இரட்டை வீடுகளுக்குச் சம்மதம், கழிப்பறை மாற்றத்துக்கும் சம்மதம். பின்பக்கச் சார்ப்புக்குப் பணம் இல்லை என்கிறார்கள். சரி, தூண் ஊன்றக் குழியும் சுவரில் கொக்கியும் மட்டுமாவது இப்போதே விட்டுத் தாருங்கள், கூரையை அவர்களே போட்டுக்கொள்வார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நாளை முகாமில் ஒரு வீட்டைச் சுண்ணாம்புக் கோட்டில் அசல் அளவிலேயே தரையில் வரையப் போகிறோம். பெண்கள் உள்ளே நடந்து பார்த்து, அம்மியை எங்கே வைப்பது என்று அவர்களே சொல்லட்டும்.