தேக்கு ஓமந்தையில், கடதாசி கொழும்பில்

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். காணி வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தைப் பக்கம். அப்பாவிடமிருந்து வந்தது, இப்போது எனக்கும் கனடாவிலிருக்கும் அக்காவுக்கும் பொது. அதில் தேக்கும் வேம்பும் வைக்கப்போகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பெர்மிட் எடுத்தாச்சா?"

பத்தரமுல்லையில் சம்பத்பாயக் கட்டிடத்தில் இருக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத் தலைமையகத்தில் முதலில் விசாரித்தேன். சொந்தப் பத்திரமுள்ள உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்றுதான் கேட்டார்கள். உறுதி என்றதும், மேட்டுநிலத்தில் நடுவதற்கு எந்தப் பத்திரமும் கேட்கவில்லை, வவுனியாவிலுள்ள வன அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி என்றால் கதை வேறு. அப்படிக் காணி உள்ளவர்கள் மரம் நட யோசிப்பதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் பேசிவிடுவது நல்லது.

எங்கள் காணியின் தாழ்ந்த பக்கத்தில் பல வருடமாக விதைக்காத வயல் துண்டு ஒன்று கிடக்கிறது. அதையும் சேர்த்துத் தேக்கு வைத்துவிடலாம் என்பது அக்காவின் யோசனை. கொழும்பு 7, மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் கமநல அபிவிருத்தித் திணைக்களம் இருக்கிறது. அங்கே கேட்டதில் அந்த யோசனை அன்றே முடிந்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை வேறு தேவைக்கு மாற்ற ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விதைக்காமல் விட்டாலும் வயல் வயல்தான். ஊர்க் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணிப் பதிவேட்டில் அது என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லை போட வேண்டும். வயலை அப்படியே விட்டோம்.

உண்மையில் அலைய வைத்தது மரமல்ல, உரிமை. அக்காவின் பங்குக்கு அற்றோனித் தத்துவம், அதாவது அவர் சார்பில் நான் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், வேண்டும். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி வரைவு எழுதித் தந்தார், அக்கா அங்கே இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினார், இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்தோம். அதுவும் பத்தரமுல்லைதான். இதற்கிடையில் ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தைத் தந்துவிட்டு, "யாரிடமாவது நிரப்பிக்கொண்டு வாங்க" என்றார்கள். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று இரண்டாம் முறை கேட்டபோது அலுமாரியிலிருந்து வந்தது. கேளுங்கள், இருக்கும். எந்தக் கந்தோருக்குப் போவது என்று தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற தொலைபேசி இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

வவுனியாவில் சந்தித்த உத்தியோகத்தர் சொன்னதுதான் இந்த அலைச்சலுக்கெல்லாம் பலன். "நடேக்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் தம்பி. வெட்டி லொறியில ஏத்தேக்கதான் கேப்பினம், ஆர் நட்டது எண்டு." தேக்கு மரத்தை ஏற்றிச் செல்ல வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதற்கு கிராம சேவையாளரும் பிரதேச செயலகமும் உரிமையை உறுதிப்படுத்த வேண்டும், வன உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் தனி. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அவற்றை வெட்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டும், நம் வீட்டு முற்றத்தில் நின்றாலும் சரி.

வன்னியில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. போரில் விட்டுப்போன தோட்டங்கள் பற்றை மூடிக் காடாகி, திரும்பி வந்தபோது வன எல்லைக்குள் போயிருந்தன என்று முறைப்பாடு சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் நட்ட வாரமே ஒரு கடிதம் எழுதினோம்: உறுதி இலக்கம், நில அளவைப் படத்தின் பிரதி, எந்த மரம் எத்தனை, நட்ட தேதி, நான்கு மூலையிலும் எடுத்த படங்கள். கிராம சேவையாளருக்கும் வன அலுவலகத்துக்கும் கொடுத்து, எங்கள் பிரதியில் 'கிடைத்தது' முத்திரை வாங்கிக்கொண்டேன். கேட்காமல் யாரும் அந்த முத்திரையைக் குத்தித் தருவதில்லை.

உதவி என்றால் காசு என்று எதிர்பார்க்காதீர்கள். 2030க்குள் நாட்டின் வனப்பரப்பை 32 வீதமாக்குவது அரசின் இலக்கு. எங்களுக்கு அதிலிருந்து வந்து சேர்ந்தது நாற்றுமேடைக் கன்றும் ஆலோசனையும்தான். ஆலோசனை நன்றாகவே இருந்தது. மகோகனியை வெட்டவெளியில் தனியாக வைத்தால் குருத்துத் துளைப்பான் புழு நுனியைத் தின்று மரம் கிளைத்துப்போகும், அதனால் நிழலோடு கலந்து வையுங்கள் என்றார் வவுனியா உத்தியோகத்தர். தேக்குக்கு 3 மீற்றர் இடைவெளி விட்டோம். ஏக்கருக்கு ஏறக்குறைய 450 கன்று பிடிக்கும். மாரி தொடங்கும் ஐப்பசியிலேயே குழி தயாராக இருக்க வேண்டும்.

தேக்கு வெட்டுக்கு வர முப்பது வருடம் பிடிக்கும் என்று கேட்டதும் சித்தப்பா சிரித்தார். தென்னை வைத்திருந்தால் தெங்கு பயிர்ச்செய்கைச் சபையில் மானியமாவது கேட்டிருக்கலாம் என்கிறார். கணக்கு அவர் பக்கம்தான். ஆனால் தென்னைக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே ஆள் இல்லை, நான் இங்கே இருக்கிறேன்.

இப்போதைக்குப் பயம் ஆடி மாதத்துச் சோளகக் காற்றும் பக்கத்துப் பற்றைக்கு வைக்கும் நெருப்பும்தான். வேலியோரம் சுற்றிவரச் செருக்கி நெருப்புப் பாதை வெட்ட ஆள் பேசியாயிற்று. அந்தச் செலவை அக்கா ஏற்றுக்கொண்டார்.