புக்சோன் ஓட்டு வீடுகள்: 10 மணிக்கே போய்விடுங்கள்

சியோலில் காசு செலவில்லாமல் ஒரு முழுக் காலையைக் கழிக்க வேண்டுமா? பழைய ஓட்டு வீடுகள் நிறைந்த புக்சோன் பகுதிக்குப் போங்கள். மெட்ரோ 3ஆம் லைனில் ஆன்குக் ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் நடந்தால் வந்துவிடும். டாக்சியே வேண்டாம்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். கொரியாவின் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்திப் போனால் பக்கத்திலிருக்கும் கியோங்போக்குங் அரண்மனையில் நுழைவு இலவசம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த டிக்கெட்டே 3,000 வோன்தான், நம் பணத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாய். நான் போன ஹன்போக் வாடகைக் கடையில் வாசலில் ஒரு விலை ஒட்டியிருந்தது. உள்ளே போனால் பூவேலைப் பாவாடைக்குத் தனி, தலை பின்னிவிடத் தனி, கைப்பைக்குத் தனி. கூட்டினால் வாசல் விலையைப் போல இரண்டு மடங்கு! இது அநியாயம். மொத்தம் எவ்வளவு என்று கேட்காமல் எந்த உடையையும் தொடாதீர்கள்.

சரி, வீடுகளுக்கு வருவோம். ஹனோக் எனப்படும் இந்தப் பாரம்பரியக் கொரிய வீடுகள் அரசர் காலத்தவை என்று நினைத்துத்தான் பலர் படமெடுக்கிறார்கள். பெரும்பாலானவை 1920, 30களில் கட்டியவை. ஜப்பானிய ஆட்சியில் சியோலின் வடக்கேயும் ஜப்பானியர் குடியேறத் தொடங்கியபோது, சோங் செக்வோன் என்பவர் பெரிய மனிதர்களின் விசாலமான மனைகளை வாங்கிப் பிரித்து, சாதாரணக் கொரியர்கள் வாங்கும் அளவில் சின்னச் சின்ன ஹனோக்குகளாகக் கட்டி விற்றார். கொரிய மொழிச் சங்கத்துக்குக் கட்டடமும் கொடுத்தவர் அவர். 1942இல் அந்தச் சங்கத்தின்மேல் ஜப்பானியக் காவல்துறை பாய்ந்தபோது இவரையும் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இது தெரிந்தபின் அந்தச் சந்தில் நடக்கும்போது எனக்குப் புல்லரித்துவிட்டது. கிட்டே போய் கூரை விளிம்பைப் பாருங்கள். வளைந்த கறுப்பு ஓடுகளுக்குக் கீழே மழைநீர் ஓடத் தகரத் தாரை, கூடத்துக்குக் கண்ணாடிக் கதவு. அன்றைக்கு அதெல்லாம் புதுச் சாமான்.

படங்களில் எல்லாரும் பார்ப்பது புக்சோன்-ரோ 11-கில் என்ற ஏற்றச் சந்து. இன்றும் குடும்பங்கள் வாழும் தெரு அது. காலை 10 முதல் மாலை 5 வரைதான் சுற்றுலாக்காரர்களுக்கு அனுமதி. 2025 மார்ச்சிலிருந்து மீறினால் 1,00,000 வோன் அபராதம். சிலர் முணுமுணுக்கிறார்கள், எனக்கு முழுச் சம்மதம். 'அமைதி' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நிற்கிறார். அவருக்கு எதிரிலேயே ஒரு கும்பல் யாரோ வீட்டுக் கதவு வளையத்தைத் தட்டித் தட்டி செல்ஃபி எடுக்கிறது. அபராதம் போட்டால் என்ன தப்பு?

அப்புறம் சாப்பாடு. பக்கத்துப் பகுதியான சம்சோங்தோங் பக்கம் இறங்கி சுஜேபி என்ற சூப் சாப்பிட்டேன். கையால் பிய்த்துப் போட்ட மாவுத் துண்டுகள், உருளைக்கிழங்கு, சிப்பி, நெத்திலி வேகவைத்த சாறு. மாவு வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குகிறது, ஆனால் குழையவில்லை. தொட்டுக்கொள்ள கிம்ச்சி, கேட்கக் கேட்கத் தருகிறார்கள், அதற்குக் காசில்லை. ஏறக்குறைய 600 ரூபாய்க்கு வயிறு நிறைந்தது, சியோலில் அது மலிவு. சைவர்களே, சாறிலேயே மீன் இருக்கிறது, கவனம்.

உள்ளே போய் ஒரு வீட்டைப் பார்க்க ஆசையிருந்தால் 1913இல் கட்டிய பெக் இன்-ஜே வீடு இருக்கிறது. இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.